இடது பக்க விளக்கு

மெயின் ரோட்டில் போகும்போதெல்லாம் ஒழுங்காக எரிகிற இடது பக்க ஹெட்லைட், சந்துக்குள் வந்து வீட்டைப் பார்த்துத் திரும்பினால் மட்டும் அணைந்தது. முதலில் மஞ்சளாகும். அப்புறம் பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். அப்புறம் அதுவும் போய்விடும். ரிவர்ஸ் எடுத்து ரோட்டைப் பார்த்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி எரியும். பேச்சிராஜுக்கு இதைப் பார்த்துப் பயமெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவனுக்கு எதற்குமே முதலில் கோபம்தான் வரும்.

அந்தப் பழைய காரை வாங்கினதே ஒரே ஒரு காரியத்துக்காக. முத்துச்செல்விக்கு இது நிறைமாதம். பென்னலூரில் அவர்கள் குடியிருந்த சந்துக்கு இருட்டிய பிறகு எந்த ஆட்டோவும் வராது. கேட்டால் ரோடு சரியில்லை என்பார்கள், பகலில் மட்டும் அதே ரோட்டில் வருவார்கள். வலி எடுத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக அவனை விட்டால் ஆள் இல்லை. அவர்கள் ஊரான அம்பாசமுத்திரம் பக்கம் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தான். இவர்களோ இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் தாலி கட்டிக்கொண்டவர்கள். வளைகாப்புக்கு அவள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் போனையே எடுப்பதில்லை. சரி, எவனும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்புக்கு வாங்கின கார் அது. அந்தக் காருக்குத்தான் ராத்திரியில் கண் தெரியவில்லை.

ஒரகடம் சந்திப்பில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் டில்லிபாபுவிடம் போய் நின்றான். "சுவிட்ச் வீக்கா கீது தலைவா" என்று சுவிட்சை மாற்றினான். அடுத்த தடவை பல்பை மாற்றினான். அதற்கடுத்த தடவை ரிலேவை. ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் விளக்கு ஜம்மென்று எரியும், வீட்டு வாசலில் செத்துப்போகும். கடைசியாகப் போனபோது டில்லிபாபு சிரித்தான்.

"ரோட்ல எரியுது இல்ல? வூட்டாண்ட வந்தப்புறம் இன்னாத்துக்கு தலைவா லைட்டு? எறங்கிப் போயி தூங்க வேண்டிதுதானே."

அவன் சட்டையைப் பிடிக்காமல் திரும்பி வந்ததே பெரிய விஷயம். அதோடு தீபாவளி வந்துவிட்டது. டில்லிபாபு கடையைச் சாத்திவிட்டு, போனையும் அணைத்துவிட்டான்.

தீபாவளிக்கு அந்தப் பக்கமே காலியாகிவிடும். திருநெல்வேலி, தென்காசி, விருதுநகர் பையன்கள் மொத்தப் பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். சந்தில் இருந்த அறைகள் எல்லாவற்றிலும் பூட்டுத் தொங்கியது. கம்பெனி பஸ்களின் ஹாரன் இல்லை, ஷிப்ட் முடிந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற கூட்டம் இல்லை. மழை மட்டும் விட்டு விட்டுப் பெய்தது. சந்தின் கடைசியில் இருந்த அவர்கள் வீட்டில்தான் விளக்கு எரிந்தது. அதைத் தாண்டினால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் எந்தக் கம்பெனிக்கோ எடுத்துவைத்து, ஒன்றும் கட்டாமல் போட்டுவைத்திருக்கிற வெறும் நிலம். வீட்டுக்காரர் சுப்பராயன்கூடக் காஞ்சிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"நானே பிரிச்சுப் பாக்கேன்" என்றான் பேச்சிராஜ்.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி, வாசல்படியில் கையை ஊன்றி உட்கார்ந்தபடி.

"நாள் முழுக்க காருக்கு ஒயர் கட்டுதவன்ட்ட கேக்க பாரு கேள்வி."

அது உண்மை. அவன் வேலை பார்ப்பது கார்களுக்குள் போகிற ஒயர்க்கட்டுகளைச் செய்கிற கம்பெனியில். மூன்று வருஷமாக லைனில் நின்று டேப் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி தடவித் தடவிப் பார்ப்பதால் ஒரு சாண் ஒயர்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

பானெட்டைத் திறந்து, டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தான். கரண்ட் பல்பு வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது. வந்த கரண்ட் திரும்பிப்போக வழி இல்லை. பல்பிலிருந்து வெளியே வருகிற ஒயர் காரின் இரும்பில் போய் உட்கார வேண்டும், அதற்குப் பெயர்தான் எர்த். இந்தக் காரில் இரண்டு விளக்குக்கும் சேர்த்து பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு போல்ட். அதைச் சுற்றி இரும்பு துருவேறிப் பொருபொருவென்று உதிர்ந்தது, இடது விளக்கின் ஒயர் முனை பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. சந்தில் குழியில் இறங்கி ஏறும்போது ஆடுகிறது, எர்த் விட்டுப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்ச் சுவிட்சை மாற்றியிருக்கிறான் அந்தப் பரதேசி.

அந்த நினைப்பிலேயே ஸ்பேனரை வேகமாகத் திருகினான். போல்ட் அசையவில்லை. இன்னும் வேகமாகத் திருகினான். போல்ட் தலை முறிந்து, துருப்பிடித்த தகரத்தையும் பிய்த்துக்கொண்டு எங்கேயோ விழுந்தது. இப்போது இரண்டு விளக்குமே போயிற்று.

பழைய சார்ஜர் ஒயரை வெட்டி எர்த் கொடுத்துப் பார்த்தான். ஹெட்லைட்டைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அது புகைந்து, பிளாஸ்டிக் உருகி விரலைச் சுட்டது. கனமான ஒயர் வேண்டும், இல்லையென்றால் தட்டையான செம்பு வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு கடை திறந்திருக்கவில்லை. உருகிய ஒயரைத் தரையில் வீசி மிதித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் வாசல் நிலைக்கு மேலே இருந்த தகடு கண்ணில் பட்டது.

உள்ளங்கை நீளம். குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நிலைக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் சேர்த்து அடித்து, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. பெயின்ட் பெயர்ந்த ஒரு மூலையில் சிவப்பாக மின்னியது. அசல் செம்பு.

"அத எடுக்காதிய" என்றாள் அவள் உடனே. "வீடு தரும்போதே வீட்டுக்காரரு சொன்னாவல்லா, அதுல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு."

"வீட்டுக்காரரு மோட்டார ரிப்பேர் பண்ணித் தாரேன்னுந்தான் சொன்னாரு. செஞ்சாரா?"

"வேண்டாங்க. எனக்கு என்னவோ போல இருக்கு."

"வாசல்ல தொங்கி அது என்னத்தக் காப்பாத்துது? கார்ல கெடந்தா ஒன்னயும் புள்ளயயும் காப்பாத்தும். நீ உள்ள போ."

ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினான். இத்தனை வருஷப் பெயின்டுக்கு அது முரண்டு பிடிக்கும் என்று நினைத்தான். ஆனால் ஆணிகள் ஆடுகிற பல் மாதிரிச் சட்டென்று வந்துவிட்டன. தகடு இருந்த இடத்தில் மரம் கருப்பாக இருந்தது. அவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வீட்டுக்குள் போனது, கதவுத் திரை மெல்ல உள்பக்கமாக உப்பித் தணிந்தது. மழைக்காற்று.

பெயின்டைச் சுரண்டியபோது கட்டம் கட்டமாகக் கோடுகளும், கட்டத்துக்குள் எழுத்துகளும் தெரிந்தன. அவற்றின் மேலேயே ஆணியை வைத்து அடித்து இரண்டு ஓட்டை போட்டான். ஒரு பக்கம் நல்ல இரும்பில் போல்ட் போட்டு இறுக்கினான், இன்னொரு பக்கம் இரண்டு விளக்கின் ஒயரையும் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். வெளிச்சம் பளீரென்று வீட்டுச் சுவரில் போய் அடித்தது. இத்தனை நாள் அந்தக் காரில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை. இடது பக்கம் வலதைவிடப் பிரகாசமாக எரிந்தது. வாசலில் நின்று முத்துச்செல்வி கைதட்டினாள். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, டில்லிபாபுவை நினைத்து ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது.

விளக்கு சரியான உயரத்தில் அடிக்கிறதா என்று பார்க்கக் காரை முற்றத்துக் கோடியில், வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தினான். சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. வலது வட்டம் கதவுப் பக்கம். இடது வட்டம் அவர்கள் படுக்கிற அறையின் சன்னல் பக்கம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் சாக்பீஸால் கூட்டல் குறி போட்டான். அப்போது இடது வட்டம் முழுக்க லேசாக மங்கியது. அணையவில்லை. விளக்குக்கு முன்னால் யாரோ துணியைப் பிடித்த மாதிரி, கூரை வரைக்கும் மங்கலாக இருந்தது. கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கும், நாளைக்கு வெயிலில் காயும் என்று சொல்லிக்கொண்டு அணைத்தான்.

மறுநாள் வெயிலே அடிக்கவில்லை. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. மறுபடி விளக்கைப் போட்டபோது அந்த மங்கலுக்கு ஓரம் வந்திருந்தது. கூரை உயரத்துக்கு ஒரு நிழல். மேலே உருண்டையாக ஒன்று, கீழே அகலமாக ஒன்று. இறங்கிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தான். சட்டையைக் கழற்றி அதாலும் துடைத்தான். நிழல் போகவில்லை. விளக்குக்கு முன்னால் கையை நீட்டினான், சுவரில் அவன் கை பனை உயரத்துக்கு எழுந்தது. கையை விளக்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோகப் போக அதன் நிழல் சின்னதாகி, ஓரம் தெளிவானது. விளக்குக்குப் பக்கத்தில் இருந்தால் பெரிசு, சுவருக்குப் பக்கத்தில் போனால் சின்னது. குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம்.

அந்த இன்னொரு நிழல் மட்டும் எதிலிருந்து விழுகிறது என்று தெரியவில்லை. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஈர மண்ணைத் தவிர எதுவும் இல்லை.

"ஏல, யாருல அது?" என்று வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினான். ஊருக்குப் போகாத எவனோ விளையாடுகிறான். பட்டாசு வாங்கக் காசில்லாத நாய் எவனோ. ஸ்பேனரை எடுத்து இருட்டில் வீசினான். அது போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அதற்கும் கோபம் வந்தது. இருந்த ஒரு நல்ல ஸ்பேனரும் போயிற்று.

உள்ளே போனபோது முத்துச்செல்வி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"வெளிய யாரு கூட பேசுனிய?"

"ஒருத்தரும் இல்ல. நீ தூங்கு."

"இல்ல, சன்னலுக்கு அங்கிட்டு யாரோ ச்சு ச்சுன்னு கூப்பிட்டாவ. கைப்புள்ளயக் கூப்பிடுவாவள்லா, அது மாதிரி." அவள் அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். "இங்க பாருங்க. அந்தச் சத்தம் கேட்டா புள்ள சன்னல் பக்கமா திரும்புது."

அவன் உள்ளங்கைக்குக் கீழே குழந்தை மெதுவாக, ஒரே பக்கமாக நகர்ந்தது. பல்லிச் சத்தம் என்றான் அவன். சன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டான். ஒரு பல்லி சத்தம் போட்டதற்கெல்லாம் பயந்தால் ஊரான் ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அவளைத் திட்டினான். திட்டத் திட்டத் தன் குரல் நடுங்குவது அவனுக்கே கேட்டது, அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் சாயங்காலம் விளக்கைப் போடவே கூடாது என்று நினைத்தான். ஆனால் இருட்டியதும் போய்ச் சாவியைத் திருகினான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிழல் இப்போது ஆள் ஒன்றரை உயரம். தலை தெரிந்தது. தலைமுடி முடியாமல் தொங்குவது தெரிந்தது. ஒரு தோள் இறங்கி, இரண்டு கையும் முன்னால் நீண்டு, எதையோ வாங்கிக்கொள்ள நிற்கிற மாதிரி உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அது ஆடவில்லை, அசையவில்லை.

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் வீட்டு வாசலில் வந்து நிற்க நீ யார்? நேராக வெளிச்சத்துக்குள் இறங்கி நடந்தான். அவன் நிழலும் சுவரில் விழுந்தது, அதைவிடப் பெரிதாக. சுவரைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாக நடந்தான். அவன் நிழல் சிறுத்துக்கொண்டே வந்தது. சிறுத்துச் சிறுத்து, முற்றத்தின் பாதியைத் தாண்டியதும் அந்த நிழலின் உயரத்துக்கு வந்து, தோளும் தோளும் ஒட்டி நின்றது.

நின்றான்.

இரண்டும் ஒரே உயரம் என்றால், அது இப்போது அவன் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது.

திரும்பிப் பார்த்தான். காலி முற்றம். மழைத் தூறல் வெளிச்சத்தில் ஊசி ஊசியாக இறங்கியது. ஆனால் வாசனை வந்தது. மஞ்சள் அரைத்த வாசனை, பழைய ஈரத்துணி வாசனை, அதற்குள் திரிந்துபோன பால் வாசனை. பிள்ளை பெற்ற அறையில் வருகிற வாசனை. இடது காதுக்கு மிகப் பக்கத்தில், உதட்டைக் குவித்து, ஆசையாக, ச்சு... ச்சு...

அவன் ஓடவில்லை. ஓடினால் பயந்ததாக ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துபோய் விளக்கை அணைத்தான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. முதல் நாள் வட்டம் முழுக்க மங்கியது, அது விளக்கை ஒட்டி நின்றிருக்கிறது. நேற்று கூரை உயரம். இன்று முற்றத்தின் பாதியைத் தாண்டிவிட்டது.

அது வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் பகல் முழுக்க அவன் சாப்பிடவில்லை. மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கரண்ட் போனது. காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே சுப்பராயன் மேல் பாய்ந்தான். மோட்டார் ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது, கரண்ட் இல்லை, என்ன வீடு இது என்று கத்தினான். கத்தி முடித்துவிட்டுத் தகட்டைப் பற்றிக் கேட்டான்.

அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தமும் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. சுப்பராயன் போனோடு வேறு அறைக்குப் போனார் போலிருந்தது. சத்தம் அடங்கியது.

"கயட்டிட்டியா?"

"கார் எர்த்துக்கு வேணும்னு எடுத்தேன். என்ன இப்போ?"

"இன்னா காரியம்பா பண்ணிக்கினு கீறே... எங்கம்மா அந்த வூட்ல எனக்கு முன்னாடி சொமந்தது ஒண்ணுகூட தங்கல, தெரியுமா? அத்தனையும் பொறக்கறதுக்கு மின்னாடியே போச்சு. எங்கப்பா அந்தத் தகட்ட அட்ச்சப்புறந்தான் நான் பொறந்தேன். இப்பவே எட்த்து அடி. சம்சாரம் உள்ளதானே கீது? அது இன்னும் வெளியதானே கீது?"

"அதுன்னா எது? எதுங்க? வாடகை வாங்கும்போது இதச் சொல்லத் தெரியலியா ஒமக்கு?" என்று அலறிவிட்டுப் போனை வைத்தான்.  உடனே திரும்பக் கூப்பிட்டான். கரண்டோடு சேர்ந்து டவரும் போய்விட்டது.

சரி. தகட்டைக் கழற்றி அடித்துவிடலாம். சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினான். பானெட்டைத் தூக்கினான். மிச்சமிருந்த தேய்ந்த ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தான்.

"ஏங்க!" உள்ளேயிருந்து முத்துச்செல்வி கத்தினாள். "ஏங்க, வலி வந்துட்டு! தண்ணி ஒடஞ்சிட்டு!"

ஸ்பேனர் போல்ட்டின் மேலேயே நின்றது. தகடு இங்கே இருந்தால்தான் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால்தான் இந்த மழையில், இந்த இருட்டில், லாரிகள் பறக்கிற அந்த ரோட்டில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும். தகடு அங்கே இருந்தால்தான்... இருந்தால் என்ன? ஒரு கிழவன் போனில் சொன்னான் என்பதற்காகப் பெண்டாட்டியை இருட்டில் கிடக்க விடுவதா? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தான். போனில் ஒரு கோடு டவர் இல்லை. பூட்டுத் தொங்கிய அறைகளைப் பார்த்து, ஊருக்குப் போன ஒவ்வொருவனையும் திட்டினான். அவள் அம்மாவைத் திட்டினான். தன் அப்பாவைத் திட்டினான். கடைசியில், அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விளக்கைப் போட்டான்.

இரண்டு வட்டம். இரண்டு கூட்டல் குறி. சுவரில் நிழல் இல்லை.

மூச்சு வந்தது. போய்விட்டது. ஒன்றுமே இல்லை.

அப்புறம் சன்னலைப் பார்த்தான். அவன் கொக்கி போட்ட சன்னல். இரண்டு கதவும் உள்பக்கமாகத் திறந்திருந்தன.

சுவர் வரைக்கும் போய்விட்டால் நிழல் ஆள் உயரம் இருக்கும். சுவரையும் தாண்டிவிட்டால் நிழலே இருக்காது.

இனி தகட்டை அடித்தால் அதையும் உள்ளே வைத்து அடைத்ததாகத்தான் ஆகும்.

சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடினான். இருட்டு. மஞ்சள் வாசனை. திரிந்த பால். கட்டிலைக் கையால் தடவினான். ஈரம். அவள் கை கிடைத்தது. சூடான கை. அவள் கைதான்.

"எந்திரி. எந்திரி செல்வி. போலாம்."

"யாரோ கால்மாட்டுல ஒக்காந்திருந்தாவ" என்றாள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு. "வயித்தத் தடவி விட்டாவ. நீங்களா?"

"ஆமா. நான்தான். நட."

தோளில் தாங்கி இழுத்தான். கதவு. படி. மழை. வெளிச்சம் கண்ணில் அடித்தது. முற்றத்தைக் கடந்து, பின் சீட்டில் அவளைச் சாய்த்து உட்காரவைத்து, சுற்றி ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. வைப்பர் ஒருமுறை போய்வந்தது.

"ஏங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. குரல் ஆச்சரியமாக, லேசாக இருந்தது. "வலி நின்னுட்டு."

"என்னது?"

"நின்னே போச்சு. கொஞ்சங்கூட இல்ல. வாசல்ல வரும்போதே நின்னுட்டு."

ரிவர்ஸ் கியரைத் தொட்ட கை அப்படியே நின்றது. எதிரே சுவர். மழை. இடது வட்டம்.

சன்னலுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு நிழல் நின்றது. ஓரமெல்லாம் சுத்தமாக, வரைந்த மாதிரி. தொங்குகிற முடி. இறங்கின தோள். ஆனால் கைகள் இப்போது நீண்டிருக்கவில்லை. மார்போடு மடங்கியிருந்தன. மடங்கின கைகளுக்குள் சின்னதாக ஏதோ இருந்தது. தலை அதைப் பார்த்துக் குனிந்திருந்தது.

நிழல் பெரிதாகியது.

வைப்பர் போய்வந்தது. இன்னும் பெரிதாகியது. ஆள் ஒன்றரை உயரம். சன்னலை மறைத்தது. இரண்டு ஆள் உயரம். ஆடி ஆடி, பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடக்கிற ஆட்டம். கூரை. கூரைக்கும் மேலே. விளக்கை நோக்கி. காரை நோக்கி. பேச்சிராஜ் வாயைத் திறந்தான். திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினான். அவனிடம் எப்போதும் இருக்கிற வார்த்தைகள். ஒன்றும் வரவில்லை.

இடது வட்டம் முழுக்கக் கருத்தது. அவன் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே பால் வாசனை கடந்து போனது. அப்புறம் வட்டம் பளீரென்று வெளுத்தது. சாக்பீஸ் கூட்டல் குறி மழையில் கரைந்து வழிவது தெரிந்தது. ஒரு குறையும் இல்லாமல், சந்துக்கு வந்த நாளிலிருந்து எரியாத அளவுக்கு, இரண்டு விளக்கும் எரிந்தன.

காருக்குப் பின்னால், வெளிச்சம் போகாத சந்தில், ஒரு பச்சைக்குழந்தை முதல் தடவையாக வீறிட்டு அழுதது.

முத்துச்செல்வி வயிற்றில் கையை வைத்தபடி பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க," என்றாள், "அது யாரு புள்ளங்க?"